நாலு பேர் பசி தீர்க்கும் இருப்புச் சட்டி!

இரவு மணி 9.

தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து, மின்சார ரெயிலில் நெருக்கியடித்து வந்து, சயான் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிறார் ஓர் இளைஞர். தெருமுனையில் ஒரு தள்ளுவண்டி. வண்டியின் மேல் அகலமான இரும்புக் கல். "டக்... டக்... டக்..." என்று கரண்டியால் முட்டையைக் கொத்துகிறார் கடைக்காரர். வெங்காயமும் பச்சை மிளகாயும் எண்ணெயில் வதங்கும் வாசனை மூக்கைத் துளைக்கிறது.

அதுதான் மும்பையின் பெயர் பெற்ற முட்டை புர்ஜி! நம் ஊர் முட்டைப் பொடிமாசுக்கு அண்ணன் முறை.

இளைஞரின் கை சட்டைப் பைக்குள் போகிறது. போன வேகத்தில் வெறுங்கையாகத் திரும்பி வருகிறது. இரவுதோறும் ஒரு தட்டு புர்ஜி, நாலு பாவ் ரொட்டி என்று சாப்பிட்டால், மாதக் கடைசியில் ஊருக்கு அனுப்ப என்ன மிஞ்சும்?

அவர் நடையைக் கட்டுகிறார். அறையில் அவருக்காக ஓர் இருப்புச் சட்டி காத்திருக்கிறது!

பத்துக்குப் பத்து அறை

தாராவி, ஆன்டாப்ஹில், செம்பூர், கோவண்டி... தமிழர்கள் வாழும் இந்தப் பகுதிகளில் இப்படிப்பட்ட அறைகள் எத்தனையோ உண்டு. பத்தடி நீளம், பத்தடி அகலம். அதற்குள் நாலு பேர். சுவரில் நாலு ஆணி, நாலு சட்டை. ஒரு மூலையில் தண்ணீர் டிரம். இன்னொரு மூலையில் அடுப்பு.

அப்படி ஓர் அறையை எடுத்துக்கொள்வோம்.

அதில் மூத்தவரை மற்ற மூவரும் "அண்ணாச்சி" என்று அழைக்கிறார்கள். நெல்லைச் சீமைக்காரர். கோட்டைப் பகுதியில் உள்ள ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் குமாஸ்தா. இரண்டாமவர் லேத் பட்டறைத் தொழிலாளி. மூன்றாமவர் காலையில் இட்லி வியாபாரம் செய்பவர். நான்காமவர்தான் நாம் மேலே பார்த்த இளைஞர். ஊரில் இருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

அண்ணாச்சி முப்பது ஆண்டுகளுக்கு முன் இந்த ஊருக்கு ரெயில் ஏறியபோது அவரிடம் இருந்தவை இரண்டே இரண்டு. ஒரு தகரப் பெட்டி, ஒரு சாக்குப் பை. சாக்குப் பைக்குள் இருந்தது இந்த இருப்புச் சட்டி. அவருடைய தாயார் கொடுத்து அனுப்பியது.

"ஓட்டல் சோறு ஒரு மாசம் ருசிக்கும். ரெண்டாம் மாசம் வயித்தைக் கெடுக்கும். இதைக் கொண்டு போ. இது இருந்தா நீ பட்டினி கிடக்க மாட்ட" என்றாராம்.

சட்டியின் கனம் இரண்டரைக் கிலோ இருக்கும். அடி தட்டை. ஓரம் சற்றே உயர்ந்தது. உட்புறம் கன்னங்கரேல் என்று கண்ணாடி போல மின்னும். மேல்நாட்டுக்காரர்கள் நீளப் பிடி வைத்து, முட்டையும் கறியும் பொரிக்கும் வார்ப்பிரும்பு வாணலியும் இதே ஜாதிதான்.

அந்தச் சட்டிக்கு ஒருநாள் ஆபத்து வந்தது.

ஒரு மழை இரவு

ஜூலை மாதம். மும்பை மழை எப்படி என்று சொல்ல வேண்டியது இல்லை. சுவர் வியர்க்கும். துவைத்த சட்டை மூன்று நாளானாலும் உலராது.

அன்று பாத்திரம் துலக்கும் முறை இளைஞருக்கு. வேலையைச் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்ற ஆசை. சட்டி கறுப்பாக இருப்பதைப் பார்த்தார். "இவ்வளவு நாளாக இதை யாரும் ஒழுங்காகத் தேய்க்கவில்லை போலிருக்கிறது" என்று நினைத்தார். கம்பி நாரும் பாத்திரத் தூளும் போட்டு, அரை மணி நேரம் தேய்த்தார். கறுப்பு போய் சாம்பல் நிறம் தெரிந்தது. மனம் குளிர்ந்தது. மிச்ச அழுக்கும் ஊறட்டும் என்று சட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் படுத்தார்.

விடிந்தது. தண்ணீரைக் கொட்டினார். திடுக்கிட்டார்!

சட்டி முழுவதும் செங்கல் நிறத்தில் துரு!

அவசரமாகத் துடைத்துவிட்டு அடுப்பில் வைத்து ஒரு முட்டையை உடைத்து ஊற்றிப் பார்த்தார். முட்டை அப்படியே அப்பிக்கொண்டது. சுரண்டினால் பாதி முட்டை, பாதி துரு.

அண்ணாச்சி எழுந்து வந்தார். சட்டியைப் பார்த்தார். இளைஞரின் முகத்தைப் பார்த்தார். இளைஞருக்குப் பேச்சு வரவில்லை. அது அவருடைய தாயார் கொடுத்த சட்டி. தாயார் இப்போது இல்லை.

"விடு தம்பி" என்றார் அண்ணாச்சி. "இரும்பு சாகாது. ஞாயித்துக்கிழமை சரி பண்ணிக்கலாம்."

அந்தக் கறுப்பு என்ன?

இளைஞர் தேய்த்து எடுத்தது அழுக்கு அல்ல. அதுதான் சட்டியின் தோல்!

"பழகிய கல்" என்று நம் பெண்கள் சொல்வார்கள். புதுத் தோசைக் கல்லில் தோசை ஒட்டும். பழகிய கல்லில் தொட்டால் கழன்று வரும். இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் விஞ்ஞானம் இருக்கிறது.

இரும்பின் மேல் மெல்லியதாக எண்ணெய் தடவி நன்றாகச் சூடாக்கினால், எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடு ஒன்று கைகோத்து, கெட்டியான ஒரு படலமாக மாறிவிடுகின்றன. அதற்குப் பிறகு அது எண்ணெய் அல்ல. கழுவினாலும் போகாது. ஒவ்வொரு முறை சமைக்கும்போதும் படலத்தின் மேல் படலம் ஏறுகிறது. இந்தப் படலம் இருக்கும் வரை, முட்டை இரும்பை நேரடியாகத் தொடாது. தண்ணீரும் தொடாது. எனவே ஒட்டாது, துருவும் பிடிக்காது.

கம்பி நார் அந்தப் படலத்தைச் சுரண்டிவிட்டது. தண்ணீரும், மழைக்கால ஈரக் காற்றும் மிச்ச வேலையை ஒரே இரவில் முடித்துவிட்டன.

வார்ப்பிரும்பு என்பது உருக்கிய இரும்பை மண் அச்சில் ஊற்றி எடுப்பது. அதில் கரிச்சத்து நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை இருக்கும். அதனால்தான் கனம் இருந்தும் அது சற்று நொறுங்கும் குணம் கொண்டது. கீழே போட்டால் உடையலாம். கொதிக்கும் சட்டியில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் விரிசல் விடலாம். இந்த இரண்டும் இல்லாவிட்டால் அதற்கு அழிவு என்பதே இல்லை. துரு ஒரு நோய்தான், சாவு அல்ல!

சட்டிக்கு வைத்தியம்

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அண்ணாச்சி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இளைஞர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதலில் சட்டியில் கல் உப்பைத் தூவினார். ஓர் உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கத்தால் அழுத்தித் தேய்த்தார். உப்பு சிவந்தது. கொட்டிவிட்டு மறுபடியும் தூவித் தேய்த்தார். மூன்றாவது முறை துரு போய்விட்டது.

பிறகு கழுவி, துணியால் துடைத்து, அடுப்பில் வைத்தார். ஈரம் முழுவதும் ஆவியாகப் போகும் வரை சூடாக்கினார். கை பொறுக்கும் அளவுக்கு ஆறியதும், ஒரு கரண்டிக் காம்பில் துணியைச் சுற்றி, கடலை எண்ணெயில் தோய்த்து, உள்ளும் புறமும் தடவினார். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். தடவிய எண்ணெயை எல்லாம் உலர்ந்த துணியால் துடைத்து எடுத்துவிட்டார்!

"என்ன அண்ணாச்சி, தடவினதைத் துடைக்கிறீங்களே?"

"எண்ணெய் கனமா இருந்தா பிசுபிசுன்னு பிசின் மாதிரி ஆயிடும். இருக்கா இல்லையான்னு சந்தேகம் வரணும். அவ்வளவு போதும்."

ஜன்னலைத் திறந்துவைத்து, மெல்லப் புகை வரும் வரை சூடாக்கினார். ஆறவிட்டார். மறுபடியும் தடவி, துடைத்து, சூடாக்கினார். இப்படி நாலு தடவை. சாம்பல் நிறம் பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகத் திரும்பத் தொடங்கியது.

கிராமங்களில் வேறு முறைகளும் உண்டு. புதுச் சட்டியில் வடித்த கஞ்சியை ஊற்றி இரண்டு மூன்று நாள் வைப்பார்கள். தினமும் கஞ்சியை மாற்றுவார்கள். பிறகு பாதி வெங்காயத்தைக் கத்தியில் குத்தி, எண்ணெயில் தொட்டுச் சூடான கல்லில் தேய்ப்பார்கள். கடைசியாக ஒரு முட்டையை ஊற்றி எடுப்பார்கள். முட்டை ஒட்டாமல் வந்தால், கல் பழகிவிட்டது என்று அர்த்தம். ஆக, முட்டைதான் சட்டிக்குப் பரீட்சை வைக்கும் வாத்தியார்!

பார்சி வீட்டுப் பலகாரம்

பழகிய சட்டியில் அன்று இரவு என்ன சமைப்பது?

அண்ணாச்சிக்கு ஒரு பழைய ஞாபகம். அவருடைய அலுவலகத்தில் ஒரு பார்சிக்காரர் இருந்தார். மத்தியானம் டப்பாவைத் திறந்தால், அடியில் உருளைக்கிழங்கு, அதன் மேல் முட்டை. பார்த்தாலே பசி எடுக்கும்.

ஈரானில் இருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் குஜராத் கரைக்கு வந்தவர்கள் பார்சிகள். மும்பையின் ஆலைகளிலும் வியாபாரத்திலும் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. முட்டை என்றால் அவர்களுக்கு உயிர். எந்தக் காய்கறியாக இருந்தாலும், வதக்கி, அதன் மேல் முட்டையை உடைத்து ஊற்றி மூடிவிடுவார்கள். தக்காளி மேல் முட்டை, வெண்டைக்காய் மேல் முட்டை, கீரை மேல் முட்டை, குச்சி குச்சியாகப் பொரித்த உருளைக்கிழங்கு மேலும் முட்டை!

உருளைக்கிழங்கு மேல் முட்டைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "பப்பேட்டா பர் ஈடு". பப்பேட்டா என்றால் உருளைக்கிழங்கு. ஈடு என்றால் முட்டை. பர் என்றால் மேல். பெயரிலேயே செய்முறை இருக்கிறது!

புர்ஜி செய்ய ஆள் நின்று கொத்த வேண்டும். இதற்கு அது வேண்டாம். ஒரே சட்டி. ஒரே அடுப்பு. குழம்பு, கூட்டு என்று தனித்தனியாக எதுவும் தேவை இல்லை. வேலை முடிந்து களைத்து வருகிறவர்களுக்கு இதைவிடத் தோதான சாப்பாடு வேறு என்ன இருக்கிறது?

அண்ணாச்சி அதில் நம் ஊர்க் கறிவேப்பிலையையும் மிளகையும் சேர்த்துக்கொண்டார்.

செய்வது எப்படி?

நாலு பேருக்குத் தேவையானவை:

முட்டை 8
உருளைக்கிழங்கு அரைக் கிலோ
பெரிய வெங்காயம் 3
தக்காளி 1 (சிறியது)
பச்சை மிளகாய் 3
இஞ்சி ஒரு சிறு துண்டு, பூண்டு 5 பல்
சீரகம் ஒரு தேக்கரண்டி
மஞ்சள் தூள் கால் தேக்கரண்டி
மிளகுத் தூள் அரைத் தேக்கரண்டி
கறிவேப்பிலை, கொத்துமல்லித் தழை
கடலை எண்ணெய் 3 மேசைக் கரண்டி
உப்பு தேவையான அளவு

உருளைக்கிழங்கைத் தோல் சீவி, வட்ட வட்டமாக நறுக்க வேண்டும். கனம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்று கூடுதலாக இருக்கலாம். நறுக்கியதும் தண்ணீரில் அலசித் துணியில் ஒற்றி எடுத்தால், ஒன்றோடு ஒன்று ஒட்டாது.

வெறும் சட்டியை மிதமான தீயில் மூன்று நாலு நிமிடம் காயவிட வேண்டும். இரும்பு மெதுவாகத்தான் சூடேறும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் நடுவில் கருகும், ஓரம் வேகாது. சட்டி காய்ந்ததும் எண்ணெயை ஊற்றிச் சுற்றிவிட வேண்டும். சீரகம் வெடித்ததும் கறிவேப்பிலை, வெங்காயம், பச்சை மிளகாய். வெங்காயம் பொன்னிறமானதும் நசுக்கிய இஞ்சி, பூண்டு. பச்சை வாசனை போனதும் மஞ்சள் தூள், உருளைக்கிழங்கு, உப்பு. ஒரு புரட்டு புரட்டி, கைப்பிடித் தண்ணீர் தெளித்து மூடிவிடலாம்.

தீயைக் குறைத்து 12 முதல் 15 நிமிடம். இடையில் ஓரிரு முறை அடியோடு திருப்பிவிட வேண்டும். கிழங்கு முக்கால் பங்கு வெந்ததும், பொடியாக நறுக்கிய தக்காளியைச் சேர்க்க வேண்டும். முதலிலேயே தக்காளியைப் போட்டால், அதன் புளிப்பால் கிழங்கு வேகத் தாமதம் ஆகும்.

கிழங்கு நன்றாக வெந்து, அடியில் லேசாகச் சிவந்ததும் கரண்டியால் சமமாகப் பரப்ப வேண்டும். கரண்டியின் முதுகால் அழுத்தி எட்டுக் குழிகள் செய்ய வேண்டும். ஒவ்வொரு முட்டையையும் முதலில் ஒரு சிறு கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டுக் குழியில் ஊற்ற வேண்டும். கெட்ட முட்டை ஒன்று விழுந்தால் மொத்தச் சட்டியும் வீண் அல்லவா?

மேலே மிளகுத் தூளும் சிட்டிகை உப்பும் தூவி, மூடி, குறைந்த தீயில் 6 முதல் 8 நிமிடம். வெள்ளைக் கரு பால் போல் உறைந்து, மஞ்சள் கருவும் கெட்டியானதும் அடுப்பை அணைக்கலாம். சட்டி சூட்டைப் பிடித்துவைத்திருக்கும். அணைத்த பிறகும் இரண்டு நிமிடம் வேகும். கொத்துமல்லி தூவினால் முடிந்தது.

பாவ் ரொட்டி, சப்பாத்தி, சூடான சோறு... எதனுடனும் சேரும். ரசம் இருந்தால் கேட்கவே வேண்டாம். மாதக் கடைசியில் கை வறண்டால், முட்டையை ஆளுக்கு ஒன்றாகக் குறைத்து, கிழங்கைக் கூட்டிக்கொள்ளலாம். வயிறு நிறைவதில் குறை இருக்காது.

ஏன் ஒட்டுகிறது?

"எங்கள் வீட்டிலும் இருப்புச் சட்டி இருக்கிறது. முட்டை ஒட்டத்தான் செய்கிறது" என்று சிலர் சொல்லலாம்.

காரணம் பெரும்பாலும் அவசரம்தான். சட்டி காயும் முன்பே முட்டையை ஊற்றினால், முட்டையில் உள்ள புரதம் உலோகத்தைப் பிடித்துக்கொண்டே உறையும். பிறகு விடாது. சட்டி காய வேண்டும். பிறகு எண்ணெய் காய வேண்டும். பிறகு தீயைக் குறைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் முட்டை. ஊற்றிய உடனே கரண்டி போட்டுக் கிளறவும் கூடாது. அடிப்பாகம் உறைந்ததும் தானாகக் கழன்று வரும்.

மதுரை ஓட்டல்களில் கிடைக்கும் கரண்டி ஆம்லெட்டைச் சாப்பிட்டவர்களுக்கு இது தெரியும். குழிவான இரும்புக் கரண்டியை நெருப்பில் காட்டி, எண்ணெய் விட்டு, அதிலேயே முட்டையை ஊற்றுவார்கள். பூரித்து வந்து, கவிழ்த்தால் பொத்தென்று இலையில் விழும். பழகிய இரும்பு அப்படித்தான்!

சட்டியில் இருந்து சத்து

இருப்புச் சட்டியில் சமைத்தால் உடம்புக்கு இரும்புச் சத்து கிடைக்கும் என்று பாட்டிமார் சொல்வார்கள். அது வெறும் நம்பிக்கையா?

இல்லை. 1986-ம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பல உணவுகளை இரும்பு வாணலியில் சமைத்து அளந்து பார்த்தார்கள். அதில் கலக்கிப் பொரித்த முட்டையும் ஒன்று. அதில் இருந்த இரும்புச் சத்து ஏறத்தாழ மூன்று மடங்கு ஆகி இருந்தது! புளிப்பும் ஈரமும் உள்ள உணவுகளில் இன்னும் அதிகமாக ஏறியது. புதுச் சட்டியில் அதிகமாகவும், பழகிய சட்டியில் குறைவாகவும் இறங்கியது.

1999-ம் ஆண்டு "லான்செட்" மருத்துவ இதழில் இன்னோர் ஆய்வு வந்தது. எத்தியோப்பியா நாட்டில் நடந்தது. இரும்புப் பாத்திரத்தில் சமைத்ததைச் சாப்பிட்ட குழந்தைகளின் ரத்தம், அலுமினியப் பாத்திரத்தில் சமைத்ததைச் சாப்பிட்ட குழந்தைகளின் ரத்தத்தைவிட நன்றாகத் தேறி இருந்தது.

இது நமக்கு ஏன் முக்கியம்? 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்த சோகை. ஆண்களில் 100-க்கு 25 பேருக்கு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும், எந்நேரமும் அசதியாக இருப்பதும் வேலைக் களைப்பு மட்டுமே என்று நினைத்துவிடக் கூடாது.

முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு முட்டை என்றால் 12 கிராம். ஆனால் முட்டையில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எளிதில் ஏற்றுக்கொள்வது இல்லை. எனவே தட்டில் ஒரு துண்டு எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்வது நல்லது. அதில் உள்ள வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துக்கொள்ள உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது அதற்கு நேர் எதிரி! ஒரு மணி நேரமாவது போகட்டும்.

சட்டி மருந்து ஆகிவிடாது. ரத்த சோகை இருப்பதாகத் தெரிந்தால் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். தலசீமியா நோய்க்காக அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களுக்கு உடம்பில் இரும்பு ஏற்கனவே அதிகம். அவர்களுக்கு இந்தச் சட்டியில் சமைத்துத் தரக் கூடாது.

ஏழைப் பிள்ளைகளுக்கு முட்டை எவ்வளவு பெரிய துணை என்பது தமிழர்களுக்குப் புதிது அல்ல. தமிழகத்தில் 1982-ம் ஆண்டு சத்துணவுத் திட்டம் தொடங்கியது. 1989-ம் ஆண்டு அதில் முட்டை சேர்ந்தது. அதற்குப் பிறகு படித்து, இன்று மும்பையில் வேலை பார்க்கும் எத்தனையோ பேர், பள்ளிக்கூடத் தட்டில் முட்டை விழும் நாளுக்காகக் காத்திருந்தவர்கள்தான்!

மும்பையில் வாங்க வேண்டுமா?

ஊருக்குப் போகும்போது சந்தையிலோ இரும்புக் கடையிலோ வாங்கி வரலாம். மும்பையிலேயே வாங்குவது என்றால், கடையில் கேட்கும் முறை தெரிந்திருக்க வேண்டும்.

வெறுமனே "லோகண்டி தவா" என்று கேட்டால், இரும்புத் தகட்டில் அடித்த மெல்லிய கல்லை எடுத்துக் கொடுப்பார்கள். அது சப்பாத்திக்கு உதவும். வார்ப்பிரும்புக்கு மராட்டியில் "பீட்" என்று பெயர். "பிடாச்சா தவா" என்றோ "பிடாச்சி கடாய்" என்றோ கேட்க வேண்டும். புலேஷ்வர் பக்கத்துப் பாத்திரக் கடைகளில் இந்தப் பெயரைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

கையில் தூக்கிப் பார்த்தால் கனம் தெரியும். காந்தம் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் அது கறுப்புப் பூசிய அலுமினியம்! உள்ளே ஓட்டையோ விரிசலோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அடி தட்டையாக இருந்தால் மின்சார இன்டக்‌ஷன் அடுப்பிலும் வைக்கலாம். ஆனால் இழுக்காமல் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி கீறிவிடும்.

கியாஸ் இணைப்புக்கு முகவரிச் சான்று இல்லாதவர்களுக்கு 5 கிலோ சிறு சிலிண்டர் உண்டு. அடையாள அட்டை காட்டி வாங்கலாம்.

மறக்கக் கூடாதவை

சமைத்ததைச் சட்டியிலேயே விட்டுவைக்கக் கூடாது. இரும்பில் கிடக்கும் முட்டை நிறம் மாறி, வாடை அடிக்கும்.

புளிக் குழம்பு, ரசம் இதில் வைக்கக் கூடாது. புளி, பழகிய படலத்தைக் கரைத்துவிடும். ஒரு தக்காளி, சில நிமிடம் என்றால் பரவாயில்லை.

சட்டி வெதுவெதுப்பாக இருக்கும்போதே வெந்நீர் விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இரண்டு சொட்டு பாத்திர சோப்புத் திரவம் போடலாம். பழைய காலத்துக் காரச் சோப்புதான் படலத்தை அரிக்கும். ஆனால் ஊறவைப்பது எப்போதும் கூடாது.

கழுவியதும் துடைத்து, ஒரு நிமிடம் அடுப்பில் காட்டி, துளி எண்ணெய் தடவி வைக்க வேண்டும். மழைக் காலத்தில் பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்தால் ஈரம் தாக்காது.

விரிசல் விட்ட முட்டையை வாங்கக் கூடாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத அறை என்றால், இரண்டு மூன்று நாளுக்குத் தேவையானதை மட்டும் வாங்குவது நல்லது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மஞ்சள் கரு கெட்டியாக வெந்ததைத்தான் கொடுக்க வேண்டும்.

பரீட்சையில் தேறியது!

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு, அறையில் நாலு பேரும் சட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இளைஞர்தான் சமைத்தார். அண்ணாச்சி சொல்லச் சொல்லச் செய்தார். மூடியைத் திறக்கும்போது அவருக்கு நெஞ்சு படபடத்தது. ஒட்டி இருந்தால்?

கரண்டியை ஓரத்தில் விட்டு மெல்ல நெம்பினார். கிழங்கும் முட்டையும் ஒன்றாக, அடி சிவந்து, அப்படியே தூக்கிக்கொண்டு வந்தது!

"பாத்தியா? சட்டி உன்னை மன்னிச்சிட்டுது" என்றார் அண்ணாச்சி. மற்ற இருவரும் சிரித்தார்கள்.

அடுத்த ஆண்டு அண்ணாச்சி வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். ஊருக்குப் புறப்படும் அன்று தகரப் பெட்டி மட்டும்தான் அவர் கையில் இருந்தது. இளைஞர் சட்டியைத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, அதே சாக்குப் பையில் போட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்திருந்தார்.

அண்ணாச்சி வாங்கவில்லை.

"ஊரில் எனக்குச் சமைச்சுப் போட வீடு இருக்கு தம்பி. இந்த அறைக்கு இன்னும் பிள்ளைகள் வருவாங்க. அவங்களுக்கு வேணும்" என்றார்.

நாகர்கோவில் ரெயில் புறப்பட்டது.

அறைக்குத் திரும்பியபோது, அண்ணாச்சியின் இடத்துக்கு வந்த புதுப் பையன் வாசலில் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தான். ஊரில் இருந்து அன்றுதான் வந்தவன். முகத்தில் பசி.

"சாப்பிட்டாச்சா தம்பி?" என்று கேட்டார் இளைஞர்.

பையன் தயங்கினான்.

சாக்குப் பையை அவிழ்த்து, சட்டியை அடுப்பில் வைத்தார் இளைஞர். சட்டி காயட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தார்.